சரிங்க

கோயம்புத்தூர்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

லின்சி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான், எபி, பிள்ளை மூவரும் சுகம். அப்பாவின் சளி மட்டும் இன்னும் ஜெப விண்ணப்பத்திலேயே இருக்கிறது. உங்கள் முதுகுவலி தேவலையா? ஒடிசா மலையில் இந்த மாதம் குளிர் தாங்காது என்று அப்பா தினமும் சொல்கிறார், தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று போனில் போட்ட சண்டைக்குப் பிறகு இனி கடிதம்தான் என்று முடிவெடுத்தோமே, யோசித்தால் அதுதான் நல்லது. போனில் இரண்டாவது நிமிஷமே எனக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடுகிறது. உங்களுக்கு உடனே போனை வைக்கத் தோன்றிவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா?

பம்ப் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜராகி இது மூன்றாவது வருஷம். தினமும் கிணத்துக்கடவு ரோட்டில் கம்பெனி வேனில் போய் வருகிறேன். வந்த புதிதில் நான் ஒன்று சொன்னால் பாதி ஆண்கள் அதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் செய்வார்கள். டெஸ்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் அங்கப்பன் மட்டும்தான் முதல் நாளே, "சொல்லுங் அம்மணி, செஞ்சுபோடலாம்" என்றார். அவர் சொன்னதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மெதுவாக வழிக்கு வந்தார்கள். ஐம்பது வயதுக்காரர். நான் எது கேட்டாலும் 'சரிங்க'தான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. அந்த 'அம்மணி'யைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்கு வேலை ஓடும்.

பொங்கல் கழிந்து அவருடைய அப்பா தவறிவிட்டார். கம்பெனியிலிருந்து வேன் நிறைய ஆட்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். அவர் அம்மா முத்தாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனுஷன் எப்படிப் போனார் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். இதற்கு முன் வந்தவர்களிடமும் சொல்லியிருப்பார். எனக்கும் முழுசாகச் சொன்னார்.

எழுந்தபோதுதான் நான் சொதப்பினேன். "போய்ட்டு வாரேனுங்க" என்றுவிட்டேன். சுற்றியிருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வரவேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் நம் ஊரில் பிறந்த வாய்க்கு நாற்காலியை விட்டு எழுந்தாலே அது தானாக வந்துவிடுகிறது. முத்தாத்தாள் ஒன்றும் நினைக்கவில்லை, "வா கண்ணு" என்றார். வேனில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷன் ரம்லாதான் என் தொடையில் கிள்ளி, "மானத்த வாங்கிட்டீங்க மேடம்" என்றாள்.

உங்கள் பக்கம் எல்லாம் எப்படி? பதில் போடுங்கள்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்,
லின்சி


ஒடிசா,
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை லின்சிக்கு,

உன் கடிதம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. இங்கே நான் சுகம், முதுகு மட்டும் தனி ஆளாக நடந்துகொள்கிறது. அப்பாவுக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு, என்னை நினைத்துக் கவலைப்படுவதை விட அது பிரயோஜனம்.

'போய்ட்டு வாரேன்' கதையைப் படித்து வார்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்து ஜூனியர் நர்ஸுகள் பயந்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு என் சத்தம்தான் பழக்கம். ஹெட் நர்ஸ் என்றால் சத்தம் போடாமல் ஆகுமா?

அந்த அங்கப்பனைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனிதர்தான் போல. ஆனால் எதற்கும் 'சரிங்க' சொல்கிறவரிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள். வலிக்கிறது என்று கத்துகிற நோயாளியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கேட்கும்போதெல்லாம் 'ஒண்ணும் இல்லைங்க' என்பவர்தான் திடீரென்று கண்ணைச் செருகுவார்.

பிள்ளைக்கு முத்தம். எபிக்கு என் வாழ்த்து.

அன்பு அக்கா,
கிருபாவதி


கோயம்புத்தூர்,
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அப்பாவின் சளி போய்விட்டது, ரசத்துக்குத்தான் பெருமை என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி?

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினேழாம் தேதி பெரிய ஆடிட். அதில் கிடைக்கும் தரச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. மாதம் முழுக்க எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முதலாளி சீனிவாசலு, சாதாரணமாக ஒரு 'குட்' சொல்லவே யோசிப்பவர், எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

அதே சமயத்தில் அங்கப்பனின் அம்மாவும் தவறிவிட்டார். கம்பெனி சார்பில் மாலை அனுப்பினோம்.

ஒரு சின்ன விஷயம். காரியமெல்லாம் முடிந்து அங்கப்பன் வேலைக்கு வந்துவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்னைவிட மரியாதையாக இருக்கிறார். நான் வந்தால் எழுந்து நிற்கிறார். கேட்டதற்கு 'சரிங்க மேடம்' என்கிறார். மேடம் என்கிறார், அக்கா. கம்பெனியில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ?

ஈஸ்டருக்கு நீங்கள் வரமுடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உங்கள்,
லின்சி


ஒடிசா,
16 ஏப்ரல் 2025

அன்பு லின்சிக்கு,

நான் சுகம். பரிசுத்த வாரம், ஆலயத்துக்கும் வார்டுக்குமாக ஓட்டம். ஈஸ்டருக்கு வரமுடியாதுதான்.

ஆடிட் முடிந்ததில் சந்தோஷம். உன் கடிதத்தில் மைசூர்பாகுக்கு நாலு வரி கொடுத்திருக்கிறாய். அந்த அம்மாவின் சாவுக்கு இரண்டு வரி. அது பரவாயில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல். மாலை போனது, நீ போனாயா?

அன்புடன்,
கிருபா


கோயம்புத்தூர்,
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையில் எல்லோரும் சுகம். பிள்ளைக்கு லீவு, வீடு தலைகீழாக இருக்கிறது. உங்கள் முதுகுக்கு எபி ஒரு தைலம் அனுப்பியிருக்கிறார், தனிப் பார்சலில் வரும்.

இங்கே நிறைய நடந்துவிட்டது. முதலாளி எங்கள் மேனேஜர்கள் எல்லோரையும் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். எமோஷனல் இன்டெலிஜென்ஸ். பெங்களூரிலிருந்து மோகனப்பிரியா என்று ஒரு பெண் வந்து நடத்தினாள். கெட்டிக்காரிதான். கோபம் வந்தால் உடனே பேசாதே, எதிரில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேள், மனசில் இருப்பதற்குப் பெயர் வைத்தாலே பாதி பாரம் குறையும் என்றெல்லாம் சொன்னாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். கேட்கக் கேட்க அங்கப்பன் ஞாபகமாகவே இருந்தது.

கடைசியில் ஆளுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், சோர்ந்த முகம். வேலை ஆரம்பிக்கும் முன் ஆளாளுக்குத் தன் அன்றைய முகத்தை எடுத்துப் பலகையில் குத்த வேண்டும். நானும் திங்கட்கிழமையே ஆரம்பித்தேன். என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எல்லோரும் சிரிக்கிற முகத்தையே எடுத்தார்கள். சிரிக்கிற முகம் தீர்ந்துபோய் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. ரம்லா ஒரு நாள் கோப முகத்தை எடுத்தாள், வீட்டுக்காரர் மேல் என்று பிறகு தெரிந்தது.

அங்கப்பனும் தினம் சிரிக்கிற முகம்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "உண்மையில எப்படி இருக்கீங்க, மனசு விட்டுச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருக்கேனுங்க மேடம் என்றார். அவர் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். மறுநாள் முதலாளியிடம் போய் ஜூலை கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அங்கப்பன் போனால் டெஸ்டிங்கில் பாதிப் பேர் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். "ஆளுங்களை வெச்சுக்கத் தெரியாதவங்க மேனேஜரா இருந்து என்னம்மா பண்றது?" என்று கேட்டார். ஜூலைக்குள் அவரைப் போகாமல் தக்கவைக்கவில்லை என்றால் என் இடமும் நிச்சயமில்லை. அதுகூடப் பரவாயில்லை அக்கா. மூன்று வருஷம் என்னைத் தாங்கிப் பிடித்த மனிதர் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறாரே என்பதுதான் தாங்கவில்லை.

காரணமும் தெரிந்துவிட்டது. ரம்லாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்பா சாவுக்குப் போனபோது நான் 'போய்ட்டு வாரேன்' என்று சொன்னேனே, அதனால்தான் அடுத்த சாவு வந்தது என்று வைண்டிங்கில் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். அங்கப்பன் வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெஞ்சு நோய்க்கார அம்மா. நான் என்ன எமனா?

என்ன செய்வதென்று எழுதுங்கள்.

உங்கள்,
லின்சி


ஒடிசா,
3 ஜூன் 2025

அன்பு லின்சி,

இங்கே சுகம். தைலம் வந்தது, வார்டு முழுக்க மணக்கிறது. எபிக்கு நன்றி சொல்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் எரிகிறது. ஒரு வார்த்தையால் யாரும் சாவதில்லை. இத்தனை வருஷமாகச் சாவைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் சொல்கிறேன். நீ போய் மன்னிப்புக் கேட்டால், ஆமாம் என்னால்தான் என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஆகும். நாளைக்கு யார் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் உன் நாக்கைத்தான் குற்றம் சொல்வார்கள். கேட்காதே. வேலை போனால் போகட்டும். முதலாளியிடம் நேராகச் சொல்.

அந்த அட்டையையும் தூக்கிப் போடு. முகத்தைப் பலகையில் குத்தச் சொன்னால் யார் அழுகிற முகத்தைக் குத்துவார்கள்? நான் குத்துவேனா?

இன்னொன்று. ஈஸ்டருக்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். பயிற்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்குப் பதில் எழுதவில்லை. முத்தாத்தாள் இறந்தபோது நீ போனாயா?

அக்கா,
கிருபா


கோயம்புத்தூர்,
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். காற்று ஆரம்பித்துவிட்டது. கிணத்துக்கடவுப் பக்கம் தென்னை மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது, வேனில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். என்னால்தான் ஆனது என்று நான் நம்பவில்லை. அவர் நம்புகிறார், அவருக்கு வலிக்கிறது. யார் சரி என்பதைவிட யாருக்கு வலிக்கிறது என்று பார்க்கச் சொன்னாள் மோகனப்பிரியா. என் பக்கம் தப்பே இல்லாமல் நான் இறங்கிப் போகிறேன் என்றால் அதற்கு ஒரு மனசு வேண்டும். எபிகூட உனக்குப் பெரிய மனசு என்றார்.

நீங்கள் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அப்பா சாப்பிடக் கூப்பிடுகிறார்.

உங்கள்,
லின்சி


கோயம்புத்தூர்,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், அங்கப்பன் மட்டும் ஒரு மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். துக்க வீட்டில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன், உங்கள் மனசு எவ்வளவு சங்கடப்பட்டிருக்கும் என்று புரிகிறது, என்னை மன்னித்துவிடுங்கள் என்று. நன்றாகத்தான் சொன்னேன். சொல்லும்போது என் மேலேயே எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எதைச் சொல்கிறேன் என்றே அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஒரு வார்த்தையில எங்கம்மா செத்துப்போச்சுன்னு நம்பறவனாங்க மேடம் நானு? என்னை அவ்வளவு வெவரங்கெட்டவன்னு நெனச்சுப்போட்டீங்களே" என்றார்.

முத்தாத்தாள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். வெள்ளந்தியான புள்ள, நம்மூட்டுப் புள்ள மாதிரி சொல்லிட்டுப் போகுது என்று சிரித்தாராம். அப்படியென்றால் வேறு என்னங்க என்று கேட்டேன். ஒன்றுமில்லைங்க என்று மோட்டாரின் பக்கம் திரும்பினார். சுவிட்சில் கை வைத்தார். போடவில்லை.

"எங்கம்மாளை நடு ஊட்டுல கெடத்தியிருந்தப்ப, பீரோ சாவி எங்கன்னு கேட்டீங்க மேடம்."

அக்கா, நான் உங்களுக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். ஆடிட் திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கப்பனிடம், நாளைக்கும் வந்துவிடுங்கள், மீட்டர்களை எல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்றேன். அவர், அம்மாவுக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்குதுங்க என்றார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அதே மூச்சில், காலையில் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றும் சொன்னேன். சரிங்க என்றார். ஞாயிறு மதியம் போன் வந்து ஓடினார். சாயங்காலம் ரம்லா எனக்குத் தகவல் சொன்னாள். திங்கள் காலை மாலையை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். ஆடிட்காரர்கள் வந்து இறங்கியபோது மீட்டர் பீரோவின் சாவி கிடைக்கவில்லை. அங்கப்பனுக்கு, சாவி எங்கே வைத்தீர்கள் என்று மெசேஜ் போட்டேன். ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. உடனே பதில் வந்தது. 'பீரோ மேல டப்பாவுலீங்க.' அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் எனக்கு 'ங்க' போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார்.

ஆடிட் முடிந்ததும் போகலாம் என்றிருந்தேன். முடிந்த அன்று அலுப்பு. அடுத்த நாள் கூச்சம். பிறகு ஒவ்வொரு நாளும் போகாததற்கான வெட்கம் கூடிக்கொண்டே போனது. ரம்லா அந்த வார்த்தைக் கதையைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினேன். உண்மையில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர்களுடைய மூடநம்பிக்கைதான் காரணம் என்றால் நான் தப்பித்தேன் அல்லவா?

அங்கே நிற்கும்போது எனக்கு மோகனப்பிரியா சொல்லிக்கொடுத்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முத்தாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதுதான் ஞாபகம் வந்தது. அங்கிருந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, "அம்மாவுக்கு எப்படியாச்சுங்க?" என்று கேட்டேன். நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. கம்பெனியில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் போகாததால் மற்றவர்களும் போகாமல் இருந்துவிட்டார்கள்.

அவர் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தார், பிறகு எதிரில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் மனைவி பொள்ளாச்சியில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தார். காலையில் அம்மா, "இன்னிக்கு ஒரு நாளைக்கு இரு சாமி" என்று கேட்டிருக்கிறார். அம்மணி கூப்பிட்டிருக்காங்க, மத்தியானம் வந்தர்றேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மா கஞ்சியைப் பாதி குடித்து மீதியை மூடி வைத்திருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தபோது தண்ணீர்ச் சொம்பு கையிலேயே இருந்ததாம்.

"முடியாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமுங்க. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன். பாதி எம்மேலதானுங்க" என்றார்.

நான் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். வேலையை விடாதீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மணி அடித்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். ரம்லா எங்களைப் பார்த்துவிட்டு மற்றவர்களை அப்படியே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் சாப்பிடவே இல்லை என்பது எனக்கு வேனில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

என்னைத் திட்டி எழுதுங்கள்.

லின்சி


ஒடிசா,
21 ஜூலை 2025

என் அன்புத் தங்கைக்கு,

சுகம். இங்கே மழை விடாமல் கொட்டுகிறது.

உன் கடிதத்தை வார்டு வராந்தாவில் நின்றபடியே படித்தேன். திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை. மன்னிப்புக் கேட்காதே என்று எவ்வளவு வீராப்பாக எழுதினேன். யார் பக்கம் நியாயம் என்றுதான் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றுகிறது. அந்தச் சொம்பு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இதைப் படித்து நான் ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று எழுதமாட்டேன். இன்று காலையிலும் ஒரு ஜூனியர் நர்ஸிடம் சத்தம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் சத்தம் போட்டபோது அந்தப் பெண் 'சரி சிஸ்டர்' என்றாள், எனக்குச் சுருக்கென்றது. இதுவரை அப்படி ஆனதில்லை.

அவர் போகிறாரா, இருக்கிறாரா? போனால் போகட்டும் என்று விடுவாயா? ஒருநாள் அவர் வீட்டுக்குப் போ. தாமதம்தான். போ.

உன் அக்கா,
கிருபா


கோயம்புத்தூர்,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையில் எல்லோரும் சுகம். அப்பா உங்கள் கடிதங்களை என்னிடம் கேட்டு வாங்கிப் படிக்கிறார், உங்கள் கையெழுத்து நாளுக்கு நாள் டாக்டர் கையெழுத்து ஆகிக்கொண்டு வருகிறதாம்.

நீங்கள் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கப்பன் வீட்டுக்குப் போனேன். காந்திபுரம் போய் பஸ் பிடித்து, தனியாக. அவர் இல்லை, தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு உட்காரச் சொன்னார். அவரும் அழுதார், நானும் அழுதேன். மாமியாரைத் தனியாக விட்டுப் போனோமே என்று அவருக்கும் ஒரு பாரம் இருக்கிறது, ஊரில் அதற்கும் பேச்சுக் கேட்டிருக்கிறார். அவர் பாரத்தைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அட்டைகளை எடுத்துவிட்டேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஜூலை கடைசி நாள் அங்கப்பன் எப்போதும் போல வந்தார், வேலை பார்த்தார், போனார். ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் வந்தார். முதலாளி என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "இருக்கேனுங்க" என்றாராம். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அம்மணி இனி வராது அக்கா. ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு வருமா என்று காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். அவர் துக்கத்துக்கு நான் கூலி கேட்டுக்கொண்டு நின்றதாகத்தானே அர்த்தம்?

போன வாரம்தான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிய விஷயம் நடந்தது. கென்யாவிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு வசதி, மோட்டாரை ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்றார் முதலாளி. நான் அங்கப்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முடியுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன், அடுத்த வார்த்தை பேசவில்லை. அவர் பெஞ்சில் இருந்த மோட்டாரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"முடியாதுங்க மேடம். அன்னிக்கு ஊட்டுல இருக்கோணுமுங்க" என்றார்.

என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் அப்பா, அம்மா, முதலாளி, நான், எல்லோருக்கும் சரிங்க சொல்லியே பழகிய மனிதர். நல்லதுங்க, திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் அக்கா.

முதலாளி குதித்தார். பார்ட்டிக்கு ஓட்டல் அறை, காரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஓர் ஆளுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். வெள்ளிக்கிழமை முழுக்கப் போனில் மன்றாடித்தான் திங்கட்கிழமைக்கு மாற்ற முடிந்தது. கடைசியில் முதலாளி, "இத்தனை பண்ணியும் அந்த ஆளு உங்களை மதிக்கறதே இல்லையேம்மா" என்றார்.

"இப்பத்தானுங்க மதிக்கிறார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சின்ன நர்ஸையும்.

பிரியமுள்ள,
லின்சி